எண்ணெயால் கறை நீக்கிய தீர்ப்பு

உலக வரலாற்றில் எண்ணெய்க் கறையை எண்ணெயைக் கொண்டே போக்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் தால்கா நகரத்துச் சீட்டுப் போட்டிகளின் தலைமை நடுவர் தோன் எவரிஸ்தோ பாமோந்தெஸ். ('தோன்' என்பது அங்கே 'ஐயா' மாதிரி.) இதைச் சொன்னால் தலைநகர் சாந்தியாகோவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பூமி சுற்றுகிறது என்றபோதும் சிரித்தவர்கள்தானே!

அந்த ஞாயிற்றுக்கிழமை, தீயணைப்புப் படை மண்டபத்தில் அவரவர் சொந்தச் சீட்டுக் கட்டோடு வந்து ஆடும் 'சாம்பல் சிம்மாசனம்' சீட்டாட்டத்தின் மாகாண இறுதிச் சுற்று. வெல்பவருக்குத் தேசியப் போட்டியில் ஓர் இடம். பழம் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை பார்க்கும் மில்லாராய், அந்த இடத்துக்காக மூன்றாவது ஆண்டாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள். எதிரே வக்கீல் குமாஸ்தா நிபால்தோ. காலையிலிருந்து அவர் சீட்டைத் தூக்கியதைவிட, "நடுவர்!" என்று கையைத் தூக்கியதுதான் அதிகம்.

ஆட்டத்துக்கு முன்னால் கட்டுகளைச் சோதிப்பது மரபு. பிளாஸ்டிக் உறையிட்ட மில்லாராயின் அறுபது சீட்டுகளையும் தோன் எவரிஸ்தோ நீதிக்கே உரிய நிதானத்துடன் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இன்னொரு கையில் எண்ணெய் வழியும் எம்பனாடா, அதாவது இறைச்சி அடைத்த சோமாசி. சுதந்திர தின வாரத்தில் சூடான இறைச்சிப் பூரணத்தை ஆறவிடுவது தேசத்துரோகம் அல்லவா? ஒரே ஒரு கணம் கை மாறிவிட்டது. 'தீப்பறவை' சீட்டின் முதுகில் அவருடைய கட்டைவிரல் பளபளவென்று பதிந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று 'தீர்மானம்' நிறைவேற்றினார்.

மில்லாராய் ஜெயிக்க இன்னும் ஒரே அடி பாக்கி. நிபால்தோவின் கை உயர்ந்தது.

"நடுவர்! இவங்க சீட்டு முதுகுல கறை. எடுக்கறதுக்கு முன்னாடியே என்ன சீட்டுன்னு தெரிஞ்சுடும். அடையாளச் சீட்டு! ஆட்டம் எனக்குத்தான்."

"அட பாவி மனுஷா, காலையிலேர்ந்து நான் ஒரு வாய் சாப்பிடல!" மில்லாராய் எழுந்தேவிட்டாள். "தோன் எவரிஸ்தோ, அது உங்க கையில வழிஞ்ச எண்ணெய்!"

"மகளே, விதிப் புத்தகத்துல 'கறை'ன்னு இருக்கு. 'யாரோட கறை'ன்னு இல்ல."

துணை நடுவர் ஹிமேனா மருந்துக்கடைக்காரி. விதிகளைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவள். "மேல் உறைய மாத்தினா முடிஞ்சுது தோன். ஓடிப்போய் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

தோன் எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. உறையை மாற்றினால், கறை எப்படி வந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். ஆட்டத்தை நிபால்தோவுக்குத் தூக்கிக் கொடுத்தால், மில்லாராய் ஊரைக் கூட்டுவாள். கண்களை மூடினார். திறந்தபோது மேதையாகியிருந்தார்.

"மத்ததுலேர்ந்து தனியா தெரிஞ்சாத்தான் அடையாளம். எல்லாமே ஒரே மாதிரி இருந்தா?"

"இருந்தா?" என்றார் நிபால்தோ.

"இன்னொரு எம்பனாடா கொண்டாங்க!"

ஐம்பத்தொன்பது முறை கட்டைவிரல் பூரணத்தில் இறங்கியது. ஐம்பத்தொன்பது சீட்டுகளில் ஏறியது. மண்டபமே வெங்காய வாசனையில் மெய்மறந்தது.

"இப்ப எதுவாவது தனியா தெரியுதா?"

"தெரியல" என்று முனகினார் நிபால்தோ.

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம். உங்க கட்டையும் இப்படிக் கொடுங்க."

தங்கமுலாம் பூசிய தன் சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிபால்தோ வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். நடு ஆட்டத்தில் மேசையை விட்டுப் போனவர் தோற்றவர். மில்லாராய் ஜெயித்தாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

உறைகளோடு திரும்பிய ஹிமேனா மட்டும் நம்பவில்லை. "கதை விடாதீங்க. மூளை இருக்கற எந்த நடுவராவது இப்படிச் செய்வாரா?"

நிபால்தோ சும்மா இருப்பாரா? புகார் பறந்தது. சாந்தியாகோ தலைமையகம் சீட்டுக் கட்டைத் தால்காவிலேயே முத்திரையிட்டு வைக்கச் சொல்லி, கடிதம் அனுப்பியது: "அடையாளமிட்டவர் ஆட்டக்காரி எனில் அவரது இடம் ரத்து. துணை நடுவர் சீட்டுகளைப் பரிசோதித்து எழுத்தில் தெரிவிக்கவும்."

மருந்துக்கடை மேசையில் ஹிமேனா அறுபது சீட்டுகளையும் பரப்பினாள். மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மில்லாராய் நகம் கடித்தபடி நின்றாள்.

"எழுதும்மா" என்றார் தோன் எவரிஸ்தோ, தொண்டையைச் செருமி. "தீர்ப்போட நுட்பத்தப் பத்தி நாலு வரி சேர்த்தே எழுது."

"சேர்க்கறேன் தோன்."

அவள் எழுதினாள்: "நடந்தது உண்மை. நான்தான் நம்பாமல் இருந்தேன். ஆட்டக்காரி குற்றமற்றவர். அறுபது சீட்டுகளிலும் இருப்பது ஒரே ஆளின் கட்டைவிரல். வழக்கமாகக் குற்றவாளிகள் ஒரு ரேகையோடு நிறுத்திக்கொள்வார்கள்; எங்கள் தலைமை நடுவர் அறுபது பிரதிகள் இணைத்திருக்கிறார்."