சுழியோடும் கண்ணாடி அனுப்ப முடியாததற்கான காரணங்கள்

டோர்செட் பார்க், ஸ்காபரோ, கனடா
24.11.2009

மதிப்புக்குரிய மச்சான் சீமோன் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை யூஜினியும் மகள் மெலனியும் சுகம். நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். இந்த வருடம் ஜனவரியிலிருந்து அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்: நீங்கள் சுகம். உங்கள் சொந்தக் கையெழுத்தில் கடிதம் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து அடைத்துவைத்த முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள், மன்னாருக்குத் திரும்பிவிட்டீர்கள், கடலுக்கும் போகிறீர்கள். மகிழ்ச்சி. மரியாதைகள் இத்துடன் முடிந்தன.

இருபத்துநான்கு வருடங்களில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. மூன்று தரம் வாசித்தேன். வள்ளம் போனது அதில் இருக்கிறது. கடற்படையிடம் பாஸ் எடுத்துத்தான் இறங்க வேண்டும், அவர்கள் சொன்ன நேரத்துக்குக் கரையேற வேண்டும் என்பது இருக்கிறது. இத்தனை காலம் ஒருவரும் மூச்சடக்கி அடிக்கடலுக்குச் சுழியோடாததால் கல்லுக்குக் கல் சிங்கி இறால் மீசையை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும், மீசை முறியாமல் உயிரோடு கொடுத்தால்தான் கொழும்பு வியாபாரி எடுப்பான் என்பதும், இரவல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுவதால் தடவித் தடவிப் பிடித்துப் பாதிக்கு மீசை முறிகிறது என்பதும் இருக்கின்றன. கடைசியில், "மாக்கஸ், வேற ஒண்டும் வேண்டாம். நல்ல சுழியோடுற கண்ணாடி ஒண்டு அனுப்பிவிடும். தை பிறக்கக் கடல் தெளியும், அதுக்கிடையில கிடைச்சா நான் நிமிர்ந்திடுவன்" என்று இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் இல்லை. உறையைக் கிழித்து உள்பக்கத்தையும் பார்த்தேன்.

நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. 1985, என் கலியாணத்துக்கு அடுத்த நாள், உங்கள் கரை. பேராதனையில் விலங்கியல் படித்த நான் உங்கள் கூடையிலிருந்த சிங்கி இறாலை எல்லாரும் பார்க்க நடு உடம்பில் பிடித்தேன். அது வாலால் அடித்தது, நான் கையை விட்டேன், அது கடலுக்குப் போய்விட்டது. உடனே நீங்கள் முழுக் கரைக்கும் கேட்க, "மாப்பிளைக்குச் சிங்கி புத்தகத்திலதான் நீந்தும்" என்றீர்கள். அன்றிலிருந்து என் பெயர் புத்தகச் சிங்கி. போன வருடம் மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, குறை நினைக்காதேங்கோ, நீங்கள்தானே புத்தகச் சிங்கி?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். சித்திரை மாதம், உங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதபோது, உங்கள் தங்கை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டாள்: அண்ணன் உயிரோடு வந்தால் ஊரில் வைக்கிறமாதிரியே ஒரு சிங்கி இறால். ஊரில் எப்படி என்று உங்களுக்கே தெரியும், சீசனில் முதல் பிடித்ததைக் கையாலே கொண்டுபோய் அந்தோனியார் சுருவத்தின் காலடியில் உயிரோடு வைத்து, பிறகு கோயில் வாசலில் ஏலம் போடுவது. இங்கே அதைக் கடைத் தொட்டியில்தான் பிடிக்கலாம். பிடித்தேன். கனடாச் சிங்கிக்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்கு, அதில் ரப்பர் வளையம் போட்டிருப்பான். யூஜினி அதைப் பார்த்தவுடனே, "கட்டின உயிரை அந்தோனியாருக்கு வைக்கிறேல்ல. கழட்டுங்கோ" என்றாள். குளிரில் அந்தப் பிராணி மந்தமாகிவிடும் என்பது விலங்கியல், ஆகவே பெட்டியில் ஐஸ் நிரப்பி, காரின் ஹீற்றரையும் நிறுத்தி, மூன்று பேரும் பல்லுக் கிடுகிடுக்கக் கோயிலுக்குப் போனோம். பூசை முடியும் வரைக்கும் மெலனி பெட்டியைக் கோயில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் வளையங்களைக் கழற்றினேன். ஒரு காலத்தில் ஊரில் கடல்தொழில் செய்த அன்புராசா அண்ணை பக்கத்தில் வந்து, "மாக்கஸ், கவனம். உது எங்கட சிங்கி இல்லை. உதுக்குக் கை இருக்கு" என்றார். எனக்கா வகுப்பு எடுக்கிறார் என்று நினைத்து, "தெரியும் அண்ணை, நான் படிச்சது உதுதான்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கரையில் நீங்கள் பிடித்துக் காட்டினீர்களே, முன்பக்கமாகக் கையைக் கொடுத்து இரண்டு மீசையையும் அடியில் சேர்த்து, அந்தப் பிடியைப் பிடித்தேன். எங்கட சிங்கிக்கு அது சரியான பிடி. இது கொடுக்கு வைத்திருக்கிற சாதி, என் பெருவிரலை நானே அதன் கைக்குள் கொடுத்தமாதிரிப் போச்சுது. ஆகவே குற்றம் உங்களுடையது.

பாதர் ஓடி வந்து, "பதறாதேங்கோ மாக்கஸ், அந்தோனியார் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். "பாத்துக்கொண்டுதான் இருக்கிறார் பாதர்" என்றேன் நான். தண்ணிக்குள்ள வைச்சால் விடும் என்று அன்புராசா அண்ணை கத்த, கிட்ட இருந்த தண்ணி அந்தோனியாரின் பூச்சாடிதான், நான் சிங்கியோடு சேர்த்துக் கையை அதுக்குள்ள விட்டுக்கொண்டு நிக்கிறன், பின்வரிசையில் ஒரு கிழவர், "உவர்தானே அந்தப் புத்தகச் சிங்கி?" என்று கேட்கிறார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்கள் தங்கை. ஜனவரியிலிருந்து ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்து, சாப்பாட்டையும் அங்கேயே வைத்து அளைந்துகொண்டிருந்தவள், தான் இருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணி ஓடச் சிரித்தாள். "அண்ணை இதைப் பாக்கோணும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவில்லை. சிங்கி எப்போதோ விரலை விட்டுவிட்டது.

ஏலத்தில் அதை அன்புராசா அண்ணை எடுத்தார். குழம்பு சுமார் என்று கேள்வி.

எனவே நிலைமையை விளங்கிக்கொள்ளுங்கள். என் விரலில் நாலு தையல். நீங்கள் கேட்ட கண்ணாடியை நான் அனுப்பப்போவதில்லை. இருபத்துநான்கு வருடத்துக்கு ஒரு வரி எழுதாதவருக்கு ஓடிப்போய்த் தபாலில் போட நான் ஆளில்லை. இது என் முடிவு.

அந்தோனியார் உங்களையும் உங்கள் கடலையும் காக்கட்டும். பாஸ் நேரத்துக்குக் கரையேறுங்கள், நெஞ்சு நோகும்வரை மூச்சடக்க வேண்டாம், உங்களுக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. யூஜினியின் அன்பும் மெலனியின் முத்தங்களும். என்னுடையது வெறும் வணக்கம்.

இப்படிக்கு,
பெ. மாக்கஸ், பி.எஸ்சி.

பி.கு.: தபாலில் போட்டால் உடைந்துவிடும் என்று கடைக்காரனும் சொல்கிறான். ஜனவரி ஒன்பதாம் திகதி நானே கொண்டுவருகிறேன், மன்னார் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். முகாமுக்குப் பிறகு உங்கள் முகம் எவ்வளவு மெலிந்திருக்கும் என்று தெரியாததால் இரண்டு அளவில் இரண்டு வாங்கினேன். பொருந்துவதை நீங்கள் எடுங்கள், மற்றது எனக்கு. எப்படிப் பிடிப்பது என்பதைத் தண்ணீருக்குள் வைத்தே காட்டுங்கள். கரையில் வேண்டாம், ஆட்கள் பார்ப்பார்கள்.