டப்பாவைத் தின்ற எருமை

ஒரு காட்டில் புலியிலிருந்து புழு வரைக்கும் எல்லாரும் வியாபாரிகளாகிவிட, வாங்குவதற்கென்று ஓர் எருமை மட்டும் மிச்சமிருந்தது. எப்படி இந்த நிலைமை வந்தது என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போய்ச் செங்கமலத்தின் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

செங்கமலம் ஒரு பெருச்சாளி. உலகத்துப் பெருச்சாளிகள் எல்லாம் ஊரான் கடையில் புகுந்து தின்றுகொண்டிருக்க, சொந்தமாகக் கடை வைத்த ஒரே பெருச்சாளி அவள்தான். இலந்தை மரத்தடி வளையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டில் ஏழு குட்டிகள். கடலோரத்திலிருந்து கொக்கு உப்பு எடுத்துத் தரும், கழுதை அதைச் சுமந்து வரும், செங்கமலம் நிறுத்துக் கொடுப்பாள். மான் வாங்கிப்போய் நக்கும். நக்கித் தீர்ந்ததும் மறுபடி வரும். அவ்வளவுதான் வியாபாரம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு வந்து இறங்கியதும், டப்பாவோ ஜாடியோ, ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் தன் இரண்டு முன்பற்களால் ஒரு கடி கடித்து வைப்பாள்.

"என் கடைச் சரக்குன்னு தெரியணும்ல? நாளைக்கு எவனாவது மாத்திக் கொண்டாந்து குடுத்தா?" என்பாள். கழுதைக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் இறக்கிவைத்துவிட்டுப் போகும்.

ஒருநாள் காலையில் உடும்பு உலகநாதன் வந்து நின்றான். டை கட்டியிருந்தான். உடும்புக்குக் கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாததால், டை பாதி வயிற்றில் கிடந்தது.

"அக்கா, நாள் பூரா இந்த வளைக்குள்ள உக்காந்து என்னத்தக் கண்டீங்க?"

"ஏழு புள்ளைகளையும் வயிறு நெறையப் பாத்துக்கிட்டேன். வேற என்னத்தக் காணணும்?"

"சின்னதா யோசிக்கிறீங்கக்கா!" உலகநாதன் வால் நுனியால் மண்ணில் ஒரு வட்டம் போட்டான். "இது நீங்க. உங்களுக்குக் கீழ மூணு பேரு. அவங்களுக்குக் கீழ ஒம்பது. அதுக்குக் கீழ இருபத்தேழு." வட்டம் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து போனான். எண்பத்தொன்றைத் தாண்டியதும் தொபுக்கென்று ஆற்றுக்குள் விழுந்தான்.

ஈரத்தோடு ஏறி வந்தவனிடம் செங்கமலம் கேட்டாள். "அப்ப ஆத்துக்குள்ள இருக்கிறவன் யாருக்கு விப்பான், தம்பி?"

"நெகட்டிவாப் பேசாதீங்கக்கா."

"சரி, இதுக்கும் என் கடைக்கும் என்ன வித்தியாசம்? அதையாச்சும் சொல்லு."

"ஒரு வித்தியாசமும் இல்ல! அங்க கொக்கு, கழுதை, நீங்க. இங்க நான், நீங்க, உங்களுக்குக் கீழ மூணு பேரு. ரெண்டும் கை மாறுற சங்கிலிதான். என்ன, அந்தச் சங்கிலியில நீங்க கடைசி ஆளு. இதுல நீங்கதான் முதல் ஆளு."

முதல் ஆள்! ஏழு குட்டிகளும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டே பழகியவளுக்கு அந்த வார்த்தை வெல்லப்பாகு மாதிரி உள்ளே இறங்கியது. கை நீட்டினாள். உடும்பு பிடித்தால் விடாது என்பது கைகுலுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடையிலிருந்த உப்பு, தேன், தினை அத்தனையும் உடும்பின் வளைக்குப் போயின. பதிலுக்கு ஆறு டப்பா 'மகா சஞ்சீவிப் பொடி' வந்தது. வழக்கம்போல ஆறு மூடியிலும் கடித்து வைத்தாள். ஒரு படிவத்தில் கால்ரேகையும் வைத்தாள். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதை எறும்பால்தான் படிக்க முடியும். எறும்பு அன்றைக்கு மீட்டிங்கில் இருந்தது.

மீட்டிங் என்றால் சாதாரண மீட்டிங்கா? அத்திமரத்தடியே அதிர்ந்தது. "நம்மால்!" என்று உலகநாதன் கத்துவான். "முடியும்!" என்று காடே கத்தும். கை தட்டச் சொன்னால், கையில்லாத பாம்பு பக்கத்திலிருந்த குரங்கின் கையை இரவல் வாங்கித் தட்டும். ஆறு டப்பா விற்றால் வாலில் வெள்ளிப் பெயின்ட். இன்னும் ஆறு விற்றால் தங்கப் பெயின்ட். சிங்கராஜா சேர்ந்த அன்றே அவருக்கு வைர வால். அவர் யாருக்கும் எதுவும் விற்கவில்லை. அவரிடம் போய் அதைக் கேட்கவும் யாரும் இல்லை.

செங்கமலத்தின் முதல் ஆறு டப்பாவும் மூன்றே நாளில் போயிற்று. அவளுக்குக் கீழே சேர்ந்த மூவரில் மயில் மரகதம் இரண்டு, மற்ற இருவர் ஆளுக்கு இரண்டு. விற்றதற்குப் பாயிண்ட் கிடைத்தது. அந்தப் பாயிண்டைக் குட்டிகள் மோந்து பார்த்துவிட்டு அழுதன.

ஒரு மாதத்தில் காடு தலைகீழானது. முன்பெல்லாம் புலியைக் கண்டால் மான் ஓடும். இப்போது மானைக் கண்டால் புலி ஓடியது. "சார், ரெண்டே நிமிஷம் சார்!" என்று படிவத்தைக் கவ்விக்கொண்டு மான் துரத்த, புலி கல்லு முள்ளு பார்க்காமல் புதருக்குள் பாய்ந்தது. புதருக்குள் நரி உட்கார்ந்திருந்தது. "வாங்க சார், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றது. அன்று மாலை புலியும் சேர்ந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒருவழியாக மீட்டிங் முடிந்து வந்த எறும்பு, செங்கமலத்தின் படிவத்தில் ஏறி நடந்து படித்தது.

"அக்கா, பௌர்ணமிக்குள்ள நீங்க இன்னும் ஆறு டப்பா வாங்கி விக்கணுமாம். இல்லேன்னா இந்த வளை உலகநாதனுக்காம்."

பௌர்ணமிக்கு இரண்டே நாள். குட்டிகளுக்காக மழைக்காலத்துக்கு எடுத்துவைத்திருந்த கடலையை அள்ளிக்கொண்டு செங்கமலம் உலகநாதனிடம் ஓடினாள்.

"புத்தம்புதுச் சரக்குக்கா, இன்னைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்துச்சு" என்று உலகநாதன் ஆறு டப்பாவை எடுத்து வைத்தான். கடித்து வைக்கலாம் என்று வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடி ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு பல் தடம். முதல் டப்பாவில் மட்டுமா? ஆறிலும்!

நேராக மயிலிடம் ஓடினாள். "ஏடி மரகதம், நான் குடுத்த டப்பாவைத் திறந்து பாத்தியா?"

"சீல் உடைஞ்சா எவக்கா வாங்குவா? அப்படியே முள்ளம்பன்றிக்கு வித்துட்டேன்."

முள்ளம்பன்றி திறக்கவில்லை. குரங்கு திறக்கவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் அதே பதில்தான். காட்டில் மொத்தமே நாற்பது டப்பா. அதையே ஒருவர் மாற்றி ஒருவர் விற்றுக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிட்டிகைப் பொடிகூட ஒரு வயிற்றுக்குள்ளும் போனதில்லை.

'என் உப்பு இப்படித் திரும்பி வந்ததே இல்லையே' என்று நினைத்துக்கொண்டாள் செங்கமலம். உப்பு திரும்பி வராது. அதை நக்கிய மான்தான் திரும்பி வரும்.

அப்படியானால் இப்போது யாரிடம் விற்பது? காட்டில் சேராத ஒரே ஆள் எருமை பூவாயி. கொள்கைக்காகச் சேராமல் இல்லை. சேற்றை விட்டு எழுந்திருக்கச் சோம்பல், அவ்வளவுதான். செங்கமலம் போனபோது குளக்கரையில் டோக்கன் போட்டு வரிசை நின்றது. புலி நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது.

"மேடம், உங்க கனவு என்ன மேடம்?" என்று முதல் ஆளாக நின்ற நரி கேட்டது.

"தூங்குறது" என்று கண்ணை மூடிக்கொண்டாள் பூவாயி.

செங்கமலத்துக்கு வரிசை முறையெல்லாம் பார்க்க நேரமில்லை. கால்களுக்கு நடுவே புகுந்து போய், கடையில் உட்கார்ந்து கேட்பதுபோலவே கேட்டாள். "பூவாயிக்கா, என்ன வேணும்?"

பூவாயி ஒரு கண்ணைத் திறந்தாள். இத்தனை நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"முதுகு அரிக்குது தாயி."

"பொடி இருக்கு. கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாது. தின்னு பாக்குறியா? ஒரு டப்பாவுக்கு ஒரு கலயம் பால் குடு."

பூவாயி டப்பாவோடு வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மென்றாள். விழுங்கினாள். ஏப்பம் விட்டாள்.

"அரிப்பு போகல. ருசியா இருக்கு. இன்னொண்ணு குடு."

ஆறும் போயிற்று. அதைப் பார்த்ததும் வரிசைக்குப் பைத்தியம் பிடித்தது. "வித்துருச்சு! நெசமாவே வித்துருச்சு!" என்று கூத்தாடிக்கொண்டு ஆளாளுக்கு டப்பாவை நீட்டினார்கள். நாற்பதும் தீர்ந்தது. பூவாயிக்கு மடியும் காலி, மனசும் நிறைவு. சேற்றில் புரண்டு படுத்துக்கொண்டாள். செங்கமலத்தின் குட்டிகள் அன்றைக்குப் பால் குடித்துவிட்டு, வயிறு தரையில் உரசத் தூங்கின. மிச்சப் பாலைக் கழுதைக்குக் கொடுத்து உப்பு வாங்கினாள்.

மறுநாள் காடே அலறியது. விற்க ஒரு டப்பா இல்லை. உலகநாதன் டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்கராஜா முன்னால் விழுந்தான்.

"மகாராஜா! நாப்பதே டப்பா, முந்நூறு பேரு. ஒருத்தருக்கும் ஒரு குறை இல்லாம ஓடிக்கிட்டிருந்த தொழிலு. இந்த எருமை தின்னுட்டா!"

"தின்றாயா?" என்று கர்ஜித்தார் ராஜா.

"வாங்குனேன், தின்னேன். தின்னத்தான வாங்குறது?" என்றாள் பூவாயி.

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. பாம்பு குரங்கின் காதைப் பொத்தியது.

"மற்றவர்களும் வாங்கினார்களே, யாராவது தின்றார்களா?"

"ஐயையோ, இல்ல மகாராஜா!" என்றது காடு.

"அப்புறம் இந்தச் செங்கமலம்!" உலகநாதன் வாலை நீட்டிக் காட்டினான். "எருமை நம்ம உறுப்பினரே இல்ல. வெளி ஆளுக்கு வித்தது கணக்கில சேராது. வளை எனக்குத்தான்!"

செங்கமலம் முன்னால் வந்தாள். "எறும்பைக் கூப்பிடுங்க. படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கட்டும்."

எறும்பு நிதானமாக நடந்தது. கமாவில் நின்றது. முற்றுப்புள்ளியில் இளைப்பாறியது. கடைசியில் சொன்னது: "'விற்க வேண்டும்'னு இருக்கு. யாருக்குன்னு போடல. நெசமாவே ஒருத்தர் வாங்குவாங்கன்னு எழுதுனவரே நினைக்கல போல."

வளை தப்பியது. ராஜா தம் வைர வாலைத் தூக்கித் தீர்ப்புச் சொன்னார்: "பொருளைத் தின்று தொழிலைக் கெடுத்த எருமைக்கு, இனி உறுப்பினர் எவரும் எதையும் விற்கக் கூடாது!"

செங்கமலம் அந்த இடத்திலேயே தன் உறுப்பினர் அட்டையைக் கடித்துத் துப்பினாள். காட்டில் இருந்த ஒரே வாடிக்கையாளர் அவளுக்கு மட்டும் சொந்தமானாள்.

மூன்றாம் நாள் மான் புதர் ஓரமாக வந்து கிசுகிசுத்தது. "அக்கா, உப்பு இருக்கா? நான் வாங்குனது யாருக்கும் தெரிய வேணாம். நான் தங்க வாலு." மறுநாள் புலி முகத்தை மூடிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒருவன் வந்தான். டை இல்லை. "நம்மால் முடியும்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வேணும் தம்பி?"

"உப்பு" என்றான் உலகநாதன், காற்று மட்டும் வர. "கொப்புளிக்க."

நிறுத்துக் கொடுத்தாள்.

நீதி: வாங்கிய பொருளைத் தின்பது பெருங்குற்றம். தின்றே தீருவேன் என்பவர்கள் கடைக்குப் போகவும்.