அருள்மொழியின் பக்கத்துக்கு வந்த கருத்துகள்

"அக்கா, பக்கம் சோக்கா கீது. கலர்தான் கொஞ்சம் தூக்கல். கம்மி பண்ணிக்க."

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உடன் பயிலும் சிவராமனின் குரல் ஒலித்ததும், சேக்காட்டில் தையல் கடை வைத்திருந்த அருள்மொழி, தன் மடிக்கணினியைக் கவலையோடு பார்த்தாள். கடைக்காக அவள் எழுதிய முதல் இணையப் பக்கம் அது.

அம்பத்தூரில் இணையப் பக்கம் எழுத அவள் பயிலும் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் தம் பக்கத்தின் முகவரியைக் குழுவில் இட வேண்டும். மற்றவர்கள் ஒரு பாராட்டும் ஒரு குறையும் சொல்லியே தீர வேண்டும். சொல்லாதவருக்கு மதிப்பெண் குறையும். சனிக்கிழமை வகுப்பின் பெரிய திரையில் காட்டித் தேறும் பக்கத்தை எழுதியவருக்குத் தொழிற்பேட்டை அலுவலகம் ஒன்றில் பயிற்சி வேலை. எதிர்ச் சாரியில் ரெடிமேட் கடை திறந்த நாள் முதல் அருள்மொழிக்கு அந்த வேலை மீதுதான் கண்.

கத்தரிப்பூ நிறத்தை வெளுத்தாள். எழுத்துகளும் கூடவே வெளுத்து மறைந்தன.

"நல்லா கீதுக்கா. எழுத்துதான் சின்னது," என்றான் ராஷித்.

பெரிதாக்கினாள். கடையின் தொலைபேசி எண்ணில் பாதி, திரைக்கு வெளியே போய்விட்டது.

"சூப்பர்மா! ஆனா அசையாம கீதே. எதுனா ஓட வுடு," என்றாள் லோகநாயகி.

ரவிக்கைப் படம் சுழலத் தொடங்கியது. அதை நிறுத்தும் வித்தையை வகுப்பில் இன்னும் நடத்தவில்லை.

"இன்னாமே, ஜாக்கெட்டு ராட்டினம் சுத்துது?" என்றான் கணவன் ஜெகதீஷ். "முன்ன நல்லாத்தானே இருந்துச்சு!"

"நீ கம்முனு இரு. தெரிஞ்சவங்க நாலு பேரு சொல்றாங்க."

ஆசிரியர் நிஜாமுதீனும் குரல்பதிவு அனுப்பினார். "நல்ல முயற்சிம்மா. தொறக்கத்தான் நேரமாவுது. மத்தவங்க சொன்னதை எல்லாம் செஞ்சுடு."

காகம் ஒன்று தன் கூட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டதாம். குயிலும் கொக்கும் ஆந்தையும் ஆளுக்கொரு குச்சியை உருவச் சொல்லினவாம். முடிவில் முட்டை இருந்தது, கூடு இல்லை.

சனிக்கிழமை, அருள்மொழி தன் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தாள். ரவிக்கை சுழன்றது.

"இன்னாம்மா இது?" என்றார் நிஜாமுதீன். "இத்த வச்சிகினு உன்னை எப்படி வேலைக்கு அனுப்பறது? யாரு இப்படி செய்யச் சொன்னது?"

"நீங்கல்லாந்தான் சார்!" என்றாள் அருள்மொழி.

சிவராமன் மின்விசிறியை ஆராய்ந்தான். ராஷித் மேசைக்கடியில் எதையோ தேடினான். லோகநாயகிக்கு இருமல் வந்தது. நிஜாமுதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

கருத்தே சொல்லாமல் மதிப்பெண்ணை இழந்திருந்த அஃப்ஷீன், கடைசி வரிசையிலிருந்து தயங்கிக் கையை உயர்த்தினாள்.

"அக்கா, நீங்க குரூப்ல போட்டது உங்க லேப்டாப்புக்குள்ள கீற ஃபைலோட முகவரி. அது வேற எந்த போன்லயும் தொறக்கவே தொறக்காது. இவங்கல்லாம் எங்க போயி பாத்தாங்க?"