வேட்டிக்குப் போன கஞ்சி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே வைக்கோலைக் கண்டால் மாட்டை முந்திக்கொண்டு ஓடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கஞ்சி சார்தான். ஊத்துக்கோட்டையிலிருந்து வைக்கோல் லாரி வந்தால் போதும், லேப் கோட்டோடு மேலே ஏறி முகர்ந்து பார்ப்பார்.

"எறங்கு சார். மாட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்பார் டிரைவர்.

எங்கள் கம்பெனியில் மண்ணில் மக்கும் பிளாஸ்டிக்கில் பை செய்கிறோம். ஆனால் அது வீடு போய்ச் சேருமுன்பே கிழிந்துவிடும். சார் வைக்கோலை வேகவைத்து, வெளுத்து, கண்ணுக்கே தெரியாத நாராக அரைப்பார். பார்க்க அசல் கஞ்சி. அதைக் காயவைத்து பிளாஸ்டிக்கில் கலந்தால், கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்த மாதிரி பலமாம்.

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பை வாங்கும் பெங்களூர் பார்ட்டி சோதித்துப் பார்க்க வரும்போது பை கிழிந்தால் ஆர்டர் இல்லை; ஆர்டர் இல்லையென்றால் நான் ஓட்டும் மிஷினை மூடிவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேப் ஃபிரிட்ஜ் மக்கர் செய்ததால், சார் கஞ்சியை கேன்டீன் ஃபிரிட்ஜில் வைத்தார். யாரும் தொடக்கூடாதென்று பாத்திரத்தின் மேல் பெரிதாக எழுதியும் ஒட்டினார்: 'கஞ்சி'.

மறுநாள் பாதியைக் காணோம்.

"ஊட்டுக்காரு கல்யாணத்துக்குப் போறாருன்னு வேட்டிக்குப் போட்டேன் சார்," என்றார் கேன்டீன் சரோஜாக்கா. "இன்னா கஞ்சி சார் இது, ஒரே பேஜாரு! வேட்டி தானா நிக்குது. மனுசன் உக்கார முடியாம பஸ்ல நின்னுக்கினே போறாரு!"

மீதி எவ்வளவு தேறும் என்று நான் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சாரோ துள்ளினார். "உக்காந்தப்போ கிழிஞ்சுதா?"

"உக்காந்தாத்தானே சார் கிழியறதுக்கு!"

மீதியில் நாலைந்து பைகள்தான் தேறின. பார்ட்டி வந்தார். ஒரு பையைக் கூரைக் கொக்கியில் மாட்டி அரிசியைக் கொட்டினார். தாங்கியது.

"போதும்," என்றார்.

சாருக்குப் போதவில்லை. ஸ்பானரைப் போட்டார். இரும்புப் பல்சக்கரத்தைப் போட்டார்.

"வோணாம் சார், தாங்கின வரைக்கும் போதும் சார்," என்று நான் கெஞ்சக் கெஞ்ச, கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தது. பை ஒரு கீறல்கூட இல்லாமல் சாரின் கால்மேல் விழுந்தது.

பார்ட்டி பையைத் தடவிப் பார்த்து, ஆர்டர் நிச்சயம் என்றார். சார் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்தபடி என்னைத் தேடினார்.

"யோவ், இனிமே உன் மிஷினை மூட மாட்டாங்க. போய்ச் சாப்பிடு. ஒரு வாரமா டிபன் பாக்ஸை அப்படியே திருப்பி எடுத்துக்கினு போறே."

கால் ஆறும்வரை அவரை என் பைக்கில் பின்னால் உட்காரவைத்துத்தான் புதுவாயலில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், ஒவ்வொரு வேகத்தடையிலும் "சார், இருக்கீங்களா?" என்று கேட்பேன். அப்புறம் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வேகத்தடை வந்தால் இப்போதும் கேட்டுவிடுகிறேன்.