ஏரிக்கரையில் நான் சிரிக்காத படம்

கெல்சென்கிர்ச்சன்,
ஆடி மாதம், 1986.

அன்புள்ள மனைவி புஸ்பவதிக்கு,

உமது கணவன் ஜேசுரட்ணம் எழுதிக்கொள்வது. எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. நான் சிரிக்காத ஒரு படத்தைச் சிரித்த படம் என்று சொல்லி, எங்கள் மகள் யோசப்பின் எனக்குத் தெரியாமல் உமக்கு அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு நீர் எனக்கு எழுதாமல் அவளுக்கு எழுதியிருக்கிறீர்: "அப்பா ஏரிக்கரையிலை மீனும் கையுமாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். நல்லது. நான் ஏன் பிள்ளை இனி வரவேணும்? நான் வீட்டோடை இருக்கிறன், அவர் மீனோடை இருக்கட்டும்." வழக்கமாக நான் நலம் என்றுதான் கடிதம் தொடங்குவேன். இந்த முறை எழுதமாட்டேன். எழுதினால் அதையும் படத்தோடு சேர்த்துச் சாட்சிக்கு வைப்பீர். நீர் நலமாயிருக்கப் பாசையூர் அந்தோனியாரை மன்றாடுகிறேன். அதில் மட்டும் மாற்றமில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் ஞானோபதேசப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் படித்தவன் நான். சோடித்து எழுத எனக்கு வராது.

எங்கள் மேல்மாடியில் கமின்ஸ்கி என்று ஒரு மனிதர் இருக்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், வேதக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். அவர் ஒரு மீன்பிடிச் சங்கத்தில் அங்கத்தவர். நாட்டுப்புறத்தில் ஒரு ஏரிக்கரையில் அந்தச் சங்கத்துக்கு ஒரு மரவீடு இருக்கிறது. விடுமுறைக்கு அவரும் மனைவியும் அங்கே போகும்போது எங்களையும் கூப்பிட்டார்கள். எங்களைப் போல அகதி மனுப் போட்டவர்கள் பட்டின எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும். மருமகன் தவராசா தேர்மின் என்கிற முன்பதிவு நாள் எடுத்து, வரிசையில் நின்று, கடதாசி வாங்கி வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. "மாமா, அங்கை போய் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காதேங்கோ" என்றான். "தண்ணி, மீன், நான். இதுக்குள்ளை கரைச்சல் எங்கையிருந்து தம்பி வரப்போகுது?" என்று கேட்டேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஏரி என்றதும் நான் எதையோ நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு பெரிய குளம். கரையில் இறங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பில்லை. அப்போதே எனக்கு மனம் விட்டுப்போயிற்று. குளத்து மீனை எங்கள் ஆட்கள் பூனைக்கும் போடமாட்டார்கள் என்பது உமக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தானே என்று கரையில் சாத்தியிருந்த ஒரு தூண்டில் தடியைக் கையில் எடுத்தேன். கமின்ஸ்கி ஓடிவந்து, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல மெதுவாக அதை வாங்கிவிட்டார்.

"அப்பா, மீன் பிடிக்கச் சோதினை பாஸ் பண்ணிப் பத்திரம் வைச்சிருக்க வேணுமாம்" என்றாள் யோசப்பின்.

"ஆர் சோதினை எழுதுறது? மீனோ?"

"நீங்கள்தான். என்னென்ன மீன், அதுக்கு என்னென்ன நோய் வருத்தம் வரும், வதைக்காமல் எப்பிடிக் கொல்லுறது, எல்லாம் கேப்பினமாம்."

"என்ரை கையைக் காட்டு அந்தாளுக்கு. இதுதான் என்ரை பத்திரம் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். கமின்ஸ்கி என் உள்ளங்கையில் வலைக்கயிறு அறுத்த தழும்புகளை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் கையைப் பக்கத்தில் வைத்தார். தோலுக்குக் கீழே கரித்தூள் நீலமாய் உறைந்து கிடந்தது. தலையை ஆட்டினார். தடியை மட்டும் தரவில்லை. சட்டம் சட்டம்தானாம். அதற்குப் பதிலாக அத்தாங்கு போல நீளப் பிடி வைத்த ஒரு வலையைத் தந்து, மீன் வந்தால் அள்ளுவதற்கு மட்டும் எனக்கு அதிகாரம் உண்டு என்றார். மீசை முளைக்க முன்னமே கடலுக்குப் போனவன், புஸ்பவதி, அள்ளுகிறவனாக ஒரு மடக்குக் கதிரையில் இருத்தப்பட்டேன்.

அன்று மாலை கமின்ஸ்கியும் மனைவியும் சங்கத்து ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்களுக்குப் பசி. குசினியில் ஒரு வாளி நிறைய அவித்த கடலை இருந்தது. நல்ல கொண்டைக் கடலை, பதமாக அவிந்தது. "மனுசன் எங்களுக்கெண்டு அவிச்சு வைச்சிட்டுப் போயிருக்கு. சொல்ல வெக்கப்பட்டிருக்கும். தாளி பிள்ளை" என்றேன். யோசப்பின் தயங்கினாள். "வாளிக்குள்ளை ஆரும் சாப்பாடு வைப்பினமோ அப்பா?" என்று கேட்டாள். "வெள்ளைக்காரர் எதுக்குள்ளை வைப்பினம் எண்டு உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டினேன். செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை இல்லாத குறைக்கு ஏதோ ஒரு இலை போட்டுத் தாளித்தாள். வாளியின் அடி தெரியும்வரை சாப்பிட்டோம். தவராசாதான் எல்லோரையும் விடக் கூடச் சாப்பிட்டான், அதையும் எழுதிவைக்கிறேன்.

விடியக் கமின்ஸ்கி வந்து வாளியைத் திறந்தார். அது மீனுக்கு வைத்த இரை. கடலை, சோளம், இனிப்பு மா உருண்டை என்றுதான் இந்த ஊரில் குளத்து மீனுக்கு விருந்து வைக்கிறார்கள். முந்தின நாளே அவித்து ஊறவைப்பதாம். யோசப்பின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கமின்ஸ்கி அடுப்படிச் சட்டியில் மிஞ்சிக் கிடந்த தாளித்த கடலையில் ஒன்றை வாயில் போட்டார். கண் கலங்கியது. இன்னொன்றைப் போட்டார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தார்.

அந்தக் கடலையைத்தான் தூண்டில் முள்ளில் கொளுவித் தடியைப் போட்டார். தடியின் நுனியில் ஒரு சின்ன மணி கட்டுகிறார்கள், மீன் இழுத்தால் அடிக்கும். அது அச்சாகப் பூசை மணி போலவே கேட்டது. மணி அடித்ததும் நான் என்னை அறியாமல் முழந்தாளில் நின்று சிலுவை போட்டேன். பக்கத்துக் கதிரைச் சங்கத்துக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துத் தானும் தொப்பியைக் கழற்றினார். "அப்பா, எழும்புங்கோ, மீன், மீன்" என்று யோசப்பின் கத்திய பிறகுதான் வலையோடு தண்ணீருக்குள் இறங்கி அள்ளினேன். கார்ப்பன் என்று சொல்கிறார்கள், கெண்டைச் சாதி. ஒரு ஆட்டுக்குட்டிப் பாரம் இருக்கும். மிளகாய்க் கடலைக்கு வந்த மீன் இது, இந்த மனிதருடைய மீன் என்று சொல்லிக் கமின்ஸ்கி அதை என் கையில் தந்தார். யோசப்பின் படம் எடுத்தாள்.

எடுத்து முடிந்ததும் அவர் மீனை வாங்கி, அதன் நெற்றியில் கொஞ்சி, திரும்ப ஏரிக்குள் விட்டுவிட்டார். கிழட்டுத் தாய் மீனாம், முட்டை போடட்டுமாம். நான் நனைந்த காற்சட்டையோடு நின்று அது போகிற திசையைப் பார்த்தேன். இங்கே தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, பிடிக்கப் பத்திரமும் இருக்கிறது, பிடித்ததை விட்டுவிடுகிறார்கள். அங்கே எங்கள் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது, கடலில் இறங்கினால் நேவி சுடுகிறான். இதை நான் யாருக்குச் சொல்ல? தவராசாவுக்குச் சொன்னேன். "மாமா, தலையைத் துடையுங்கோ, தடிமன் பிடிக்கும்" என்றான்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். அதில் நான் பல்லைக் காட்டுவது பாரத்தால். கண் சுருங்கியிருப்பது வெயிலால். இன்னொன்றையும் நீர் கவனிக்கவில்லை. நான் கமராவைப் பார்க்கவேயில்லை. திரும்பிப் பக்கத்தில் பார்க்கிறேன். கையில் மீன் துள்ளியதும், வழக்கம்போல "இஞ்சாரும், மீன் போடக் கடகத்தைக் கொண்டாரும்" என்று சொல்லத்தான் திரும்பினேன். நீர் எப்போதும் அந்தப் பக்கம்தானே நிற்பீர். வாயைத் திறந்தபோது யோசப்பின் கமராவை அமத்திவிட்டாள். அங்கே ஒரு மடக்குக் கதிரையும் கமின்ஸ்கியின் தேத்தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன. அதைப் படத்தில் வெட்டிவிட்டாள்.

ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். நீர் வரவேண்டாம், நான் வருகிறேன். உம்முடைய தம்பி சில்வெஸ்டர் வள்ளத்தை நிமிர்த்தித் தார் பூச வேண்டும். தவராசா எனக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். யோசப்பின் இனிமேல் என்னைக் கேளாமல் என் முகத்தை எங்கும் அனுப்பக்கூடாது. நீர் அந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்.

பரிசுத்த மாதாவும் அந்தோனியாரும் உமக்கும் வீட்டுக்கும் காவலாக நிற்பார்களாக. கேட்ட எல்லோருக்கும் என் சுகம் சொல்லும். கேளாதவர்களுக்கும் சொல்லும், கேட்கட்டும்.

இப்படிக்கு,
உமது கணவன்
சூ. ஜேசுரட்ணம்

பி.கு. ஒட்ட முன்னம் யோசப்பின் இதை வாசித்துவிட்டாள். "இதை அனுப்பினியள் எண்டால் அம்மா மெய்யாவே வரமாட்டா. நீங்களும் அங்கை போக ஏலாது. பிறகு ரெண்டு பேரும் கடிதத்திலை சண்டை பிடிச்சுக்கொண்டு கிழவனும் கிழவியுமாச் சாகுங்கோ" என்றாள். பெற்ற தகப்பனுக்குச் சொல்கிற பேச்சு. வேறு நீல விமானக் கடிதத்தாள் வீட்டில் இல்லை, ஆனபடியால் மடிப்பில் எழுதுகிறேன். மேலே எழுதியதை விட்டுவிடும். சிரித்தேன்தான். மீன் துள்ளும்போது யார்தான் சிரிக்காமல் இருப்பது. நீர் பக்கத்தில் இல்லை என்று தெரிய முன்னம் சிரித்த சிரிப்பு அது, அதற்குப் பிறகு எடுத்த படம் ஒன்றும் அவளிடம் இல்லை. விசா இல்லாமல் எங்கள் ஆட்கள் வருகிற கிழக்கு பெர்லின் வழியை அடைக்கப் போகிறார்கள் என்று இங்கே கதை அடிபடுகிறது, அதனால் சுணங்க வேண்டாம். வள்ளத்துக்குத் தார் வேண்டாம், சில்வெஸ்டர் அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் திறப்புச் சாவியையும் அவனிடமே கொடுக்க வேண்டும். கொழும்பு வரைக்கும் அவன் உம்மோடு வந்து விமானம் ஏற்றிவிட வேண்டும். கிழக்கு பெர்லினில் யோசப்பின் எழுதித் தருகிற கடதாசியைக் காட்டி மேற்குப் பக்கம் போகிற ரயில் ஏற வேண்டியது நீர். மேற்குப் பக்கம் வந்து நிற்க ஒரு ஆளுக்குத்தான் அனுமதி தருவார்களாம், தவராசா அதை எடுத்து வந்து நிற்க வேண்டும். கெல்சென்கிர்ச்சனில் இறங்கினதும் சனத்தோடு சனமாக நடந்து போகாமல் பெட்டியைக் கீழே வைத்து நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதும் நீர். வந்து அதைத் தூக்க வேண்டியது நான்.