எழுத்துகளுக்கு வந்த கோபம்

இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த சினிமா கொட்டகை அது. நல்ல நல்ல படம் போட்டபோது ஈ ஓட்டியது. இப்போது ஞாயிறுதோறும் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்று ஒலிபெருக்கியையே கும்பிட்டார்கள். எல்லாம் எழுத்து மகானின் மகிமை. வாசிக்க வராத பிள்ளையைப் பன்னிரண்டே நாளில் வாசிக்க வைத்துவிடுவாராம்.

மகானின் கண்டுபிடிப்பு ரொம்ப எளிமையானது. பிள்ளைக்கு வாசிப்பு வராததற்குக் காரணம், எழுத்துகள் அதன்மேல் கோபமாக இருப்பதுதான். என்றைக்கோ புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கும், எழுத்துகள் முறைத்துக்கொண்டன. மகான் நடுவில் நின்று சமாதானம் பேசுவார். உயிரெழுத்துகள் சீக்கிரம் இறங்கி வந்துவிடுமாம். மெய்யெழுத்துகளுக்குத்தான் பிடிவாதம் ஜாஸ்தியாம். அதனால் அவற்றுக்குக் காணிக்கையும் ஜாஸ்தி.

அந்தக் கூட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் பத்து வயது மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மகளை வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் நமத்துப்போன பட்டாசு. ‘கடல்’ என்றால் ‘கல்’ என்பாள், ‘படம்’ என்றால் ‘பட்டம்’ என்பாள். மெக்கானிக்கும் சின்ன வயதில் அப்படித்தான் திணறி, அடி வாங்கி, எட்டாம் வகுப்போடு நின்றவர். மகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயம் அவரை விடவே இல்லை.

பட்டாசை அவர் பயிற்சி ஆசிரியை ஒருத்தியிடம் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவென்றே படித்த பெண் அவள். சொரசொரப்பான அட்டையில் எழுத்தை வெட்டி, விரலால் தடவச் சொல்லுவாள். வார்த்தையைத் துண்டு துண்டாகக் கைதட்டிச் சொல்ல வைப்பாள்.

“இதுக்குப் பேர் டிஸ்லெக்ஸியா. இவ மக்கு இல்லைங்க. எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கிறது இவளுக்குக் கஷ்டமா இருக்கு, அவ்வளவுதான். பழக்கினா வரும். ஆனா நாளாகும்” என்றாள்.

இரண்டு பக்கமும் யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ‘நாளாகும்’ என்கிறாள். ஒருவர் ‘பன்னிரண்டே நாள்’ என்கிறார். பெற்ற மனம் எந்தப் பக்கம் சாயும்? சாய்ந்தது.

மகான் பட்டாசின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நீல அட்டை போட்ட ‘அருள் வாசகம்’ என்ற குட்டிப் புத்தகத்தைக் கொடுத்தார். நான்கு நிபந்தனைகள். அம்மா அதைத் தினமும் நாற்பது தடவை உரக்கப் படிக்க வேண்டும். பிள்ளை கண்மூடிக் கேட்க வேண்டும். வேறு புத்தகத்தைத் தொடக் கூடாது. முக்கியமாக, பயிற்சி வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது; எழுத்துகள் மறுபடி கோபித்துக்கொள்ளும்.

அம்மா தொண்டை கட்டும்வரை படித்தாள். பன்னிரண்டாம் நாள் பட்டாசு நீலப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று வாசித்தாள். மெக்கானிக் தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாளும் வாசிக்கச் சொன்னார். அப்போதுதான் நெருடியது. அவள் வாய் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கை இன்னும் பக்கத்தைப் புரட்டவில்லை. லிஃப்டில் மூன்றாவது மாடி என்று விளக்கு எரியும், பெட்டி இரண்டில் நிற்கும். இந்தக் கோளாறை அவர் வேலையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

நேரே ஆசிரியையிடம் அழைத்துப் போனார். அவள் நீலப் புத்தகத்தின் முதல் வரியைக் காகிதத்தில் எழுதினாள். வார்த்தைகள் அதேதான். வரிசையை மட்டும் மாற்றியிருந்தாள். பட்டாசு பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

“மனப்பாடமாம்மா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நீங்க சந்தோஷத்துல அழுதீங்களேப்பா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

பத்து வயதுப் பிள்ளை அப்பனின் சந்தோஷத்தைச் சுமந்து திரிந்திருக்கிறது.

“ஏமாத்தினது அவ இல்லைங்க. நாற்பது தடவை கேட்டா எனக்கும்தான் மனப்பாடம் ஆகும்” என்றாள் ஆசிரியை. பிறகு ஒரு யோசனை சொன்னாள். பட்டாசு சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

அடுத்த ஞாயிறு, குணமான பிள்ளைகள் மேடையேறும் நாள். பட்டாசு நீலப் புத்தகத்தோடு ஏறினாள். மகான் அவள் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினார். அவள் விரலை வரிவரியாக ஓட்டி, ஒரு பிசிறில்லாமல் முழுவதும் ஒப்பித்தாள். கொட்டகை கைதட்டலில் குலுங்கியது.

“பார்த்தீர்களா! ஒவ்வோர் எழுத்தும் குழந்தையின் முன்னால் பணிந்து நிற்கிறது!” என்றார் மகான்.

மெக்கானிக் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். “சாமி, அதே பக்கத்தை நீங்க ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.”

மகான் புத்தகத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. “இது... நான் மௌன விரதத்தில் இருக்கிறேன்” என்று சத்தமாகச் சொன்னார்.

மெக்கானிக் முன்வரிசை அம்மாள் ஒருத்தியிடம் புத்தகத்தை நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்: “லிஃப்ட் நடுவழியில் நின்றால் பதற்றப்படாதீர்கள். கதவை உடைத்துத் திறக்க முயலாதீர்கள்...”

நீல அட்டைக்குள் இருந்தது மெக்கானிக்கின் லிஃப்ட் கையேடு.

ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்கி, நடுவில் ஒரு வார்த்தையைக் காட்டி, “இது என்ன?” என்றார்கள். பிள்ளைகள் விழித்தன. ஒரு தாய் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினாள்.

“அடிக்காதீங்க ஆன்ட்டி! படிச்சது நீங்க, நம்பினதும் நீங்க. அவன் என்ன பண்ணுவான்?” என்று மேடையிலிருந்தே கத்தினாள் பட்டாசு. ஓங்கிய கை இறங்கியது.

மகான் பின்வாசலுக்கு ஓடினார். அங்கேயும் கூட்டம். போலீஸ் வரும்வரை மௌன விரதத்தை உண்மையாகவே கடைப்பிடித்தார்.

மறுநாள் ஆசிரியை வீட்டுப் படியில் பதினோரு பெற்றோர்கள். பட்டாசு உள்ளே கைதட்டித் தட்டி ‘க-ட-ல்’ என்று கூட்டிக்கொண்டிருந்தாள். வியர்த்தது. ஆனால் இந்தத் தடவை வாசித்தது அவள். படியில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, “ஏம்மா, இதுக்குப் பன்னிரண்டு நாள்ல முடியற மாதிரி ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது. பெற்றவர்களுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் எந்த ஊரிலும் வகுப்பில்லை. அதை அவரவர் மூளையைக் கொண்டு அவரவரே ஆரம்பித்தாக வேண்டும். காணிக்கை கிடையாது.