அன்பு மாமா ரமேஷுக்கு வந்த சிக்ஸ் பேக்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போயி ஃப்ளெக்ஸ் பேனரை வாங்கிகினு வரணும். வர்ற வழியில அரை கிலோ மட்டன். அவ்ளோதான்.

வாரம் பூரா விடிகாலையில ரயில் புடிச்சு பெங்களூர் போயி வேலை பாத்துட்டு வர்ற ஆளு நான். ஒரு பேனர் வாங்கத் தெரியாதா எனக்கு?

தெரியல. அதான் கதையே.

பேனர் என் மச்சினன் கௌதமுக்கு. என் வீட்டுக்காரி ஷீலாவோட கூடப்பொறந்த தம்பி. ரொம்ப வருஷமா கப்புக்கும் மெடலுக்கும் பாக்ஸிங் ஆடிகினு இருந்தவன், இப்பதான் புரொஃபஷனலா மாறியிருக்கான். அன்னிக்கு சாயங்காலம், எங்க ஊரு மூடிப்போன தங்கச் சுரங்கத்தாண்ட இருக்குற மைசூர் மைன்ஸ் கிரவுண்டுல அவனோட முதல் புரொஃபஷனல் ஃபைட். அது நடந்தாதான் அவன் பேரு ரெக்கார்டுல ஏறும், அடுத்த அடுத்த ஃபைட்டுக்குக் கூப்பிடுவாங்க. நடக்கலன்னா மறுபடி எப்ப சான்ஸ் வரும்னு யாருக்கும் தெரியாது.

அதுக்காக மாசக்கணக்கா சோறைத் தொடல அவன். முட்டையில மஞ்சளைத் தூக்கிப் போட்டுட்டு வெள்ளையை மட்டும் தின்னுகினு, எங்க எல்லாரையும் மொறைச்சுகினு திரிஞ்சான். நான் பிரியாணி பொட்டலத்தைப் பிரிச்சா எழுந்து வெளிய போயிடுவான். நானும் பாவமா இருக்குதேன்னு அவன் போனப்புறம்தான் லெக் பீஸையே எடுப்பேன்.

எல்லாம் ரெடி. எதிராளிதான் ஒருத்தனும் நிக்க மாட்டேங்குறான்! முதல்ல ஒருத்தனைப் பேசினாங்க, பிராக்டீஸ்ல கை ஒடிஞ்சுது. பேனர் அடிச்சாச்சு. வேற ஒருத்தனைப் பேசினாங்க, அவனுக்கு டெங்கு. அதுக்கும் பேனர் அடிச்சாச்சு.

ஃபைட்டை நடத்துறவரு மஞ்சுன்னு ஒரு பெங்களூர்க்காரரு. அவருக்கு எதுக்குமே டென்ஷன் கெடையாது.

"கடைசி நிமிஷத்துல ஆளு மாறுறது இந்த லைன்ல ரொம்ப காமன்ணா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

இப்போ மூணாவது எதிராளி, மூணாவது பேனர். பேரு கிரண். பெங்களூர்ப் பையன். நேத்தே வெயிட் பாத்தாச்சு, டாக்டரும் பாத்தாச்சு, சாயங்காலம் பைக்குல நேரா கிரவுண்டுக்கு வந்துடுவான். அவன் போட்டோவை மஞ்சு வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, பேனர்ல மாத்தணும்.

ஃப்ளெக்ஸ் கடை டேவிட்டு கம்ப்யூட்டரைத் தொறந்து காட்டினான். இடது பக்கம் கௌதம், கீழ "இளம் சிங்கம் கௌதம்"னு எழுத்து. வலது பக்கம் அந்த டெங்குக்காரன், சிக்ஸ் பேக் வெச்சுகினு நிக்கிறான். அடியில எங்க குடும்பம் வரிசையா. மாமனாரு, மாமியாரு, ஷீலா, கடைசியில கூலிங் கிளாஸ் போட்டுகினு நானு. "அன்பு மாமா ரமேஷ்."

எங்க ஊர்ல கல்யாணமோ, பொறந்த நாளோ, பாக்ஸிங்கோ, கீழ் வரிசையில சொந்தக்காரன் மூஞ்சி இல்லன்னா அப்புறம் அவன் நல்லது கெட்டதுக்கு வரமாட்டான். கூலிங் கிளாஸ் போட்டோவை நானேதான் தேடி எடுத்துக் குடுத்தேன். அழகா இருக்கட்டுமேன்னு.

மஞ்சுகிட்ட இருந்து போட்டோ வரல. போன் போட்டா, "அனுப்புறேண்ணா, அனுப்புறேண்ணா."

டேவிட்டு கடிகாரத்தைப் பாத்தான். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல கரெண்ட்டு போயிடும். மெயின்டனன்ஸாம். போட்டோ எங்க?"

"வந்துடும்பா. அதுவரைக்கும் ஏதோ ஒரு போட்டோ போட்டு டிசைனை முடிச்சு வையி. நான் மட்டன் வாங்கிகினு வந்துடறேன்."

ஏதோ ஒரு போட்டோ. இந்த வாய் இருக்குதே, இதுக்கு தையல் போடணும்!

மட்டன் கடையில கூட்டம். நல்ல எலும்பா போடுங்க பாய்னு பேசிகினு இருக்கும்போதே போட்டோ வந்துச்சு. உடனே டேவிட்டுக்கு அனுப்பி விட்டேன். திரும்பிப் போறேன், கடை இருட்டா இருக்குது. கரெண்ட்டு போச்சு.

"அடிச்சுட்டியாபா?"

"போறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டேண்ணே. இந்தாங்க." சுருட்டிக் கட்டிக் குடுத்தான்.

பிரிச்சுப் பாத்தேனா? இல்ல. ஒரு கையில மட்டன், ஒரு கையில பேனர், எங்க பிரிக்கிறது? நேரா கிரவுண்டுல போயி பசங்ககிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மட்டன் குழம்பு பிரமாதம். சாப்டுட்டு அப்பதான் சாஞ்சேன், போன் அடிச்சுது. என் ரயில் தோஸ்து ஒருத்தன்.

"இன்னா மச்சா, சொல்லவேயில்ல! எத்தினி நாளா பிராக்டீஸ்?"

"இன்னா பிராக்டீஸு?"

"நடிக்காத மச்சா! நாங்க எல்லாம் டிக்கெட் எடுத்துட்டோம்!"

வெச்சுட்டான். அடுத்த நிமிஷம் ரயில் குரூப்புல படம் வந்து விழுந்துச்சு. கிரவுண்டு கேட்டு மேல தொங்குது பேனர். இடது பக்கம் இளம் சிங்கம் கௌதம். வலது பக்கம் டெங்குக்காரன் உடம்பு. அதுக்கு மேல கூலிங் கிளாஸோட என் தலை! கீழ கொட்டை எழுத்துல, "அன்பு மாமா ரமேஷ்."

டேவிட்டுக்கு போன் போட்டேன்.

"நீங்கதானே ஏதோ ஒரு போட்டோன்னீங்க? பக்கத்துல உங்க போட்டோதான் இருந்துச்சு, தூக்கி மேல வெச்சேன். பேரும் கூடவே வந்துடுச்சு. நீங்க அனுப்புன படத்தைப் பாக்கறதுக்குள்ள கரெண்ட்டு போற மாதிரி ஆயிடுச்சு, அடிச்சுட்டேன். ஆனா கழுத்து ஜாயிண்ட்டு தெரியுதா பாருங்க? தெரியாது!"

அதுல ஒரு பெருமை அவனுக்கு.

ஷீலா என் தோள் மேல எட்டிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"அந்த உடம்பு யாருது?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

வண்டியை எடுத்துகினு கிரவுண்டுக்குப் பறந்தேன். பேனரை எறக்கிடலாம், யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனப்பு. கேட்டுல நின்னவரு அந்தோணி. மாமனாரோட மைன்ஸுல ஒண்ணா வேலை பாத்தவரு. ஆளுங்களை சுரங்கத்துக்குள்ள ஏத்தி எறக்குற கேஜு ஷாஃப்ட்டுல வந்து நின்னா அதோட கதவைத் தொறந்து மூடுற வேலை அவருக்கு. கேஜை ஏத்தச் சொல்லியும் எறக்கச் சொல்லியும் பெல் அடிக்கிற வேலை மாமனாருக்கு.

"வாப்பா ஃபைட்டரு," அப்டின்னாரு அந்தோணி. "இப்பதான் ஒரு பையன் பைக்குல வந்தான். பேனரை அண்ணாந்து பாத்தான். 'ஓ, ஆளு மாத்திட்டாங்களா'ன்னான். திரும்பிப் போயிட்டான்."

ஐயோ! அது கிரண்!

யோசிச்சா அவன் மேலயும் தப்பில்ல. கடைசி நிமிஷத்துல ஆளு மாறுறது அந்த லைன்ல காமன் இல்லையா? நம்ம இடத்துல வேற ஒருத்தன் மூஞ்சியைப் பாத்தா போகத்தானே செய்வான்?

உள்ள கௌதம் கையில பேண்டேஜ் சுத்திகினு பெஞ்சுல உக்காந்திருந்தான். விஷயம் அதுக்குள்ள அவன் காதுக்குப் போயிடுச்சு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

"மாமா, நான் ஆறு மாசமா சோறு துன்னல மாமா," அப்டின்னான். அவ்ளோதான் சொன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. மட்டன் வாசனை என் மேல அடிக்குதுன்னு தள்ளியே நின்னேன்.

மஞ்சு போன்ல கிரணைப் புடிச்சாரு. பங்காருபேட்டையில ஓட்டல்ல உக்காந்திருக்கான். முதல்ல கோவப்பட்டான், கெஞ்சிக் கூத்தாடினதும் வர்றேன்னுட்டான். ஆனா வந்து சேர நேரமாவும். இங்க ஜனம் நாற்காலியைத் தட்டுது. எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா ஃபைட்டு கேன்சல்.

அப்போ பின் வரிசையில என் ரயில் கும்பல் ஆரம்பிச்சானுங்க. "மாமா! மாமா! மாமா!"

கிரவுண்டு பூரா புடிச்சுகிச்சு. பேனர்ல இருக்குற ஆளைத்தானே கேப்பாங்க?

மஞ்சு என்னைப் பாத்தாரு. "அண்ணா, ஒரு ரவுண்டு. ஃபைட்டு இல்ல, சும்மா ஷோ. அவன் வர்ற வரைக்கும்."

"வேணாம் சார்."

"பேனர் யார்ணா வாங்கிட்டு வந்தது?"

டாக்டரு என் பி.பி.யைப் பாத்துட்டு மெஷினைத் தட்டினாரு. மறுபடி பாத்தாரு. "ஷோன்னா சரி. ஆனா ஓடாதீங்க," அப்டின்னாரு.

யாரோட டிராயரையோ மாட்டி விட்டாங்க. தலைக்கு ஹெட்கார்டு. கைக்கு கிளவுஸ். மூக்கு அரிக்குது, சொரிய முடியல. கயித்துக்குள்ள நுழைஞ்சா முதல்ல என் தொப்பை வந்துச்சு, அப்புறம் நான் வந்தேன். ஜனம் பேனரைப் பாக்குது, என்னைப் பாக்குது, மறுபடி பேனரைப் பாக்குது.

பெல் அடிக்க உக்காந்திருக்குறது யாரு? என் மாமனாரு. அதுலயும் காலையிலயே ஒரு பஞ்சாயத்து. ஒரு பெல் அடிச்சா ரவுண்டு ஆரம்பம்னு ரெஃப்ரி சொல்லியிருக்காரு.

"ஒரு பெல் அடிச்சா நிக்கணும் சாரு. ஓடுற கேஜே நின்னுடும். அதைக் கேட்டா எப்டி ஆரம்பிப்பானுங்க? மூணு பெல்னாதான் ஆளு ஏறியாச்சுன்னு அர்த்தம்."

ரெஃப்ரி வாதாடிப் பாத்து விட்டுட்டாரு. ஆரம்பிக்க மூணு, நிறுத்த ஒண்ணுன்னு முடிவாச்சு.

நான் கயித்து மேல சாஞ்சு, "மாமா, சீக்கிரமா ஒரு பெல் அடிச்சுடுங்க மாமா," அப்டின்னேன்.

அவரு வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கல. "மாப்ள, டைம்னா டைம். டூட்டியில சொந்தக்காரன் கெடையாது."

டங், டங், டங்.

கௌதம் முன்னாடி வந்தான். "பயப்படாதீங்க மாமா, மெதுவா தொடுவேன்."

ஆறு மாசமா சோறு துன்னாதவன் கண்ணு எப்டி இருக்கும்னு கிட்ட இருந்து பாத்திருக்கீங்களா? நான் ஓட ஆரம்பிச்சேன்.

"மாமா நில்லுங்க! நான் இன்னும் கையே தூக்கல!"

"தூக்காத! அப்டியே வையி!"

சுத்துறேன், சுத்துறேன், ரிங்கையே சுத்துறேன். ரெஃப்ரி பெங்களூர்ல இருந்து வந்தவரு, பாவம், எங்களைப் புடிக்க அவரும் ஓடுறாரு. கூட்டத்துல இருந்து ஒரு பெரிசு கத்துச்சு. "ஏம்பா, ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிடுச்சா?"

அப்பதான் பாத்தேன். கேட்டுக்கு உள்ள பைக்கு. ஹெல்மெட்டைக் கழட்டிகினு கிரண்!

கேட்டு மேல தொங்குற பேனரை அவன் திரும்பிப் பாத்தான். ரிங்குல என்னைப் பாத்தான். பேனர்ல இருக்குற மூஞ்சி, ரிங்குலயும் அதே மூஞ்சி. தலையை ஆட்டிகினே ஹெல்மெட்டைப் போட்டான். பைக்கைத் திருப்பினான்.

மறுபடியும் போறான்!

"டேய்! கிரண்! நில்லு குரு!"

கயித்துக்கு நடுவுல குதிச்சேன். ஒரு காலு மாட்டிகிச்சு. உருண்டு விழுந்து எழுந்து ஓடுறேன், கையில கிளவுஸு, தலையில ஹெட்கார்டு, ஒரு கையால டிராயரைப் புடிக்கணும், ஆனா கிளவுஸால புடிக்க முடியல. அவன் கண்ணாடியில பாக்கறான். கிளவுஸ் போட்ட ஒருத்தன் கத்திகினு பாய்ஞ்சு வர்றான். நானா இருந்தாலும் ஆக்ஸிலேட்டரைத் திருகுவேன். அவனும் திருகினான்.

அவ்ளோதான், கௌதம் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

டங்!

ஒரே ஒரு பெல். மாமனாரு எழுந்து நின்னு அடிச்ச அடி கிரவுண்டு பூரா கேட்டுச்சு. கூட்டத்துல இருந்த மைன்ஸ் பென்ஷன்காரங்க எல்லாம் அப்டி அப்டியே நின்னுட்டாங்க. ஒருத்தரு வாய்க்குக் கொண்டு போன வடை பாதியில நின்னுச்சு. கேட்டுல இருந்த அந்தோணி, பைக்கு வர்றதைக் கூட பாக்கல, படார்னு கதவை இழுத்து மூடி கொக்கியைப் போட்டாரு.

அப்புறமா கேட்டதுக்கு, "ஒரு பெல் அடிச்சா நம்ம கை தானா மூடிடும்பா, நான் இன்னா பண்றது?" அப்டின்னாரு.

பைக்கு கதவுக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. நான் போயி பின் சீட்டைக் கட்டிப் புடிச்சுகினேன். கிரண் ரெண்டு கையையும் தூக்கிட்டான்.

"அண்ணா, ஃபைட்டை நீங்களே எடுத்துக்கோங்கண்ணா. நான் ஒண்ணும் கேக்கலையே!"

"தம்பி," மூச்சு வாங்குது எனக்கு. "நான் ஃபைட்டர் இல்லப்பா. பேனர் வாங்கப் போன ஆளு."

கிரண் என் தொப்பையைப் பாத்தான். "சரிண்ணா, நம்புறேன்," அப்டின்னான்.

இவ்ளோ சீக்கிரம் நம்பியிருக்க வேணாம்.

ஃபைட்டு நடந்துச்சு. அது நெஜமான ஃபைட்டு! அந்தப் பையனும் சும்மா ஆளில்ல, கௌதமோட உதட்டைக் கிழிச்சுட்டான். ஆனா கடைசி ரவுண்டுல எங்காளு விட்டான் பாருங்க ஒண்ணு, கிரண் உக்காந்தவன் ரெஃப்ரி எண்ணி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கல. ரெஃப்ரி கௌதம் கையைத் தூக்கினாரு. ஷீலா அழுதா, மாமியாரு அழுதாங்க, டிராயரைப் புடிச்சுகினு நானும் அழுதேன். அன்னிக்கு ராத்திரி சோறு துன்னான் பாருங்க எங்க வீட்டுப் புள்ள! மிச்சமிருந்த மட்டன் குழம்பு பூரா அவனுக்குத்தான்.

அடுத்த ஃபைட்டு கோலார்ல. எதிராளி ரெண்டு தடவை மாறியாச்சு. பேனர் வாங்க ஷீலாவே போறா. என் போட்டோ கீழ் வரிசையில கூட வேணாம்னு குடும்பமே கூடி முடிவு பண்ணிடுச்சு.

பழைய பேனரை மாமனாரு எடுத்துகினு வந்து, ஒழுகுற பாத்ரூம் ஓட்டு மேல விரிச்சுக் கட்டிட்டாரு. என் மூஞ்சி மேல பாத்த மாதிரி. நேத்து நல்ல மழை, பேனர் மேல தடதடன்னு அடிக்குது. உள்ள உக்காந்திருக்கேன், வெளிய அவரு அந்தோணிகிட்ட சொல்றது கேக்குது.

"ரிங்குல ஒரு அடி கூட வாங்காத ஆளுபா நம்ம மாப்ள. இன்னிக்குத்தான் செம்மையா வாங்குறாரு."